முதலில் சொன்னவர் முதலில் போகலாம்

பிப்ரவரி 3

தம்பி,

போனில் கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் துண்டித்துவிடுகிறாய். கடிதம் என்றால் கிழிப்பதற்காகவாவது கையில் எடுக்க வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன். உன் உடம்பைப் பற்றி விசாரிக்கப்போவதில்லை. கோபமாக இருக்கிற நாட்களில் நீ கல்லுக்குண்டு மாதிரி இருப்பாய், சிறுவயதிலிருந்து பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டம்மா போன மாதம் கேட்டார், கூடப்பிறந்த தம்பியோடு அப்படி என்ன சண்டை என்று. சொன்னேன். என் தம்பி தலைமை ஆசிரியர். நானும் அவன் பள்ளியில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அங்கே கடைசி மணி அடித்ததும் வகுப்புக் கதவைச் சாத்துவார்கள். அன்றைக்கு விதியை மீறியது யார் என்று ஒரு பிள்ளையாவது எழுந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் கதவு திறக்கும். சொன்ன பிள்ளை முதலில் வீட்டுக்குப் போகும், பிறகு மற்றவர்கள். பெயர் சொல்லப்பட்ட பிள்ளை இருந்து வகுப்பைப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். இதற்கு 'உண்மை வேளை' என்று பெயர். என் பிரிவு உபசார விழாவில், தாளாளர் முன்னால், 'எனக்குச் சால்வை வேண்டாம், அந்தக் கதவைத் திறந்து வையுங்கள், போதும்' என்று கேட்டுவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

அந்த அம்மா, "ஒரு நாள் யாருமே தப்பு பண்ணலேன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது, உன் மகள் சொன்னாள்.

போன வாரம் அவள் வந்து தங்கிவிட்டுப் போனாள். அத்தை வீட்டுக்கு வர அவளை நீ தடுக்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். உன் பள்ளியில் படித்து, உன் பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு ஆசிரியையாக நிற்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே வகுப்புக் கதை சொன்னாள். சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

தினமும் யார் பெயரைச் சொல்வது என்று தயங்கித் தயங்கி வேன் போய்விடுகிறதாம். அதனால் பிள்ளைகளே கூடிப் பேசி ஒரே பெயராக முடிவு செய்துவிட்டார்களாம். அந்தப் பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து மகளை அழைத்துப் போக வர எப்படியும் நேரமாகும். 'நீ சும்மாதானே காத்திருக்கே, பெருக்கிட்டே இரேன்' என்று கேட்டிருக்கிறார்கள். அவளும் சரி என்றிருக்கிறாள். இப்போது அவளுக்கு வகுப்பில் 'துடைப்பம்' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளாம்.

"அவ எதுவும் பண்ணலேன்னு உனக்குத் தெரியும்தானேடி?" என்று கேட்டேன்.

"பேரு வந்துச்சு, கதவு திறந்துச்சு. அதுக்கு மேல தோண்டறது என் வேலையா அத்தை?" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

பெயர் அதிகம் வந்ததால் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பெண்ணுக்கு டி.சி. கொடுத்து அனுப்பப்போகிறீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். பெருக்கச் சம்மதித்த பிள்ளைக்கு இது தெரியுமா? தெரியாதாம்.

என்னோடு பேசாவிட்டால் போகட்டும். அந்தப் பெண்ணை அனுப்பிவிடாதே.

உன் அக்கா

-

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

ஓய்வு பெற்றவர்களுக்கு இரக்கப்பட நிறைய நேரம் இருக்கிறது. எனக்கு ஒரு பள்ளியை நடத்த வேண்டியிருக்கிறது. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னீர்களா? காம்பஸ் முனையால் கண் போன பையனைச் சொன்னீர்களா? வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் எறிந்தது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் அம்மா என் மேஜைக்கு முன்னால் வந்து, "யாருன்னு மட்டும் சொல்லுங்க சார், நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றாள். பதில் இல்லாமல் நின்றது நான். நீங்கள் அப்போது பக்கத்து வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்தப் பாட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அப்படி ஒரு மௌனம் என் பள்ளியில் இனி இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். இல்லையே, இப்போது? கண்ணாடி உடைந்தால் அரை மணியில் தெரிகிறது. யாரும் யாரையும் மறைப்பதில்லை. இதற்காகத்தான் பெற்றவர்கள் நம் வாசலில் வந்து நிற்கிறார்கள். என் மகளையே பாருங்கள். முகத்துக்கு அஞ்சி ஒரு உண்மையை விழுங்கினாள் என்று யாராவது சொல்லட்டும்.

ஒரு பெண்ணின் பெயர் இத்தனை முறை வருகிறது என்றால் அவளிடம் ஏதோ இருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டாகப் பேசுவதை என் மகள் விளையாட்டாகச் சொல்லியிருப்பாள். உங்களுக்கு எதிலும் கதை வேண்டும். டி.சி. தயாராகிவிட்டது. தேர்வு முடிந்ததும் கையெழுத்துப் போடுவேன்.

மேடையில் தலைகுனிய வைத்தது போதாதா?

தம்பி

-

பிப்ரவரி 16

தம்பி,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். மரியாதை உனக்குக் கோபத்தில்தான் வருகிறது. வரட்டும்.

அந்தப் பையனின் கண்ணை நான் மறக்கவில்லை. ஆனால் அன்று பிள்ளைகள் வாய் திறக்காததற்குக் காரணம் பயம். சொன்னால் எறிந்தவன் அடிப்பான், சொல்லாவிட்டால் நீ அடிப்பாய். நீ பயத்தைக் குறைக்கவில்லை, கதவைச் சாத்தினாய்.

எனக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் பேச வராது, பொறுத்துக்கொள். ஈரத்துணியை மூடிய அறையில் போட்டு வை. யாரும் அதன்மேல் நாற்றத்தைத் தெளிப்பதில்லை. அறையில் இருப்பதை அது எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். துணியைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

இன்னொன்று. நான் முதன்முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். ஓர் ஆசிரியர் பிரம்போடு நிற்பார். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவர் முகம் திருப்பியதும் முட்டி மோதி ஒருவர் டம்ளரை ஒருவர் தட்டிவிடுவார்கள். அவருக்குப் பிறகு வந்த கணக்கு டீச்சர் பிரம்பு எடுக்கவில்லை. எல்லாரும் குடித்த பிறகு கடைசியாகத் தான் குடித்தார், அவ்வளவுதான். சில மாதத்தில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை முன்னால் விட ஆரம்பித்தார்கள். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை போதிக்கவில்லை.

உன் மகளைப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். அவள் இங்கே இருந்தபோது அலமாரியைத் துடைக்கையில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். உடைத்தது நான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சத்தம் கேட்டதும் அடுத்த அறையிலிருந்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான் இல்ல அத்தை." 'கையில் பட்டுதா' என்று கேட்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கேட்டாள், கேட்காமல் இல்லை. ஆனால் இரண்டாவதாகக் கேட்டாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதினேன்.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஒரு நாள் அந்த வகுப்புக்கு வெளியே நின்று கேள். உள்ளே போகாதே. நீ உள்ளே வந்தால் எல்லாருக்கும் முகம் மாறிவிடும்.

அக்கா

-

மார்ச் 2

அக்கா,

போனேன்.

வராந்தாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. என் மகள், "உண்மை வேளை" என்றாள். உடனே ஒரு பையன், "மிஸ், அவதான். பாடம் நடக்கறப்ப பேசினா" என்றான். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 'அவ' என்றால் போதுமாயிருந்தது. கதவு திறந்தது. பையன் ஓடினான். எல்லாம் அவ்வளவு வேகமாக நடந்தது.

அன்று அவள் பள்ளிக்கே வரவில்லை. காய்ச்சல். காலையில் அவள் அம்மா வந்து சொன்னபோது விடுப்புக்கு அனுமதி கொடுத்ததே நான்தான்.

அடுத்த நாள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. சாயங்காலம் வகுப்பைப் பெருக்கினாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பெருக்கினாள். எதற்கு என்று உள்ளே போய்க் கேட்டேன். முந்தின நாளுக்காம்.

"நேத்து நீ வரவே இல்லையேம்மா" என்றேன்.

"ஆமா சார். ஆனா பேரு வந்துடுச்சாமே" என்றாள்.

என் மகளைக் கேட்டேன். அவள் வராத நாள் என்று தெரியாதா என்று. தெரியுமாம். 'நீங்கதானேப்பா சொல்வீங்க, பேர் வந்தா ஏத்துக்கணும், ஆசிரியர் நடுவுல புகுந்து காப்பாத்த ஆரம்பிச்சா அதுவும் ஒரு மறைப்புதான்னு' என்றாள். சொன்னேனா? சொல்லியிருப்பேன். என் வாய்ச்சொல் மாதிரிதான் இருக்கிறது.

அந்த டி.சி.யைக் கிழித்துவிட்டேன். அந்தப் பெண்ணை என் அறைக்குக் கூப்பிட்டுக் கிழித்ததைக் காட்டினேன். இனி உன் பெயர் வராது, பயப்படாதே, இதை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி அனுப்பினேன். அவள் பெயரை இனி ஏற்காதே என்று மகளிடமும் சொல்லிவிட்டேன்.

நீ கேட்டது நடந்துவிட்டது. நீ சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை.

தம்பி

-

மார்ச் 7

தம்பி,

'நீ' என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நாலு தடவை படித்தேன்.

அந்தப் பெண் இருக்கப்போகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் வாத்தியார். சரியான விடைக்கும் வழிமுறை கேட்கிற பழக்கம் போகாது.

அவள் பெயர் வராது, சரி. கதவு சாத்துவது நின்றதா? நிற்காவிட்டால் இப்போது யார் பெயர் வருகிறது?

'யாரிடமும் சொல்லாதே' என்றிருக்கிறாய். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று கதவைச் சாத்திக் கற்றுக்கொடுத்த பள்ளியில், அந்தக் குழந்தை உன்னிடமிருந்து தனியாகக் கேட்ட முதல் பாடம் இது. நீ நல்லது செய்தாய். ஆனால் திருட்டுத்தனமாகச் செய்தாய். வகுப்பில் போய் நில். 'வராத பெண்ணின் பெயரைச் சொன்னீர்கள், அதைச் சொல்ல வைத்தது என் கதவு, இன்றிலிருந்து அது திறந்திருக்கும்' என்று சொல். உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவர்களில் நாலு பேருக்காவது அது வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்.

அப்படி ஒரு நாளில் பின் பெஞ்சில் வந்து உட்கார எனக்கு ஆசை.

அக்கா

-

மார்ச் 19

அக்கா,

ஒன்று கொடுத்தால் ஒன்பது கேட்பாய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நினைத்தவுடன் நிறுத்த இது என் வீட்டு ரேடியோ இல்லை. வெளியிலிருந்து யார் வந்தாலும் தாளாளர் உண்மை வேளையைத்தான் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார். சேர்க்கை விளம்பரத்தில் அது முதல் வரி. தேர்வு நெருங்குகிற நேரத்தில் போய் நான் செய்தது தவறு என்று ஏழாம் வகுப்பிடம் சொன்னால் நாளைக்கு எட்டாம் வகுப்பு என்னை மதிக்குமா? தேர்வு முடியட்டும். விடுமுறையில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

கேட்டாய் அல்லவா, இப்போது திக்கிப் பேசுகிற ஒரு பெண்ணின் பெயர் வருகிறது. அவள் மறுத்துச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் போய்விடுகிறார்கள். தெரியும், தெரியும். தேர்வு முடியட்டும் என்கிறேன்.

பெருக்கிக்கொண்டிருந்த நம் பெண் நன்றாகத் தேறிவிட்டாள். முன்பெல்லாம் வாயே திறக்கமாட்டாளாம். இப்போது வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிறாள் என்கிறார்கள். தைரியம் வந்திருக்கிறது. இதைக் கேட்டாவது உனக்குச் சந்தோஷம் வரட்டும்.

வீட்டில்தான் ஒரு மாதிரி இருக்கிறது. "அனுப்ப வேண்டியதுல ஒரு டி.சி. குறையுதேப்பா" என்று சாப்பிடும்போது மகள் கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

தம்பி

-

மார்ச் 23

தம்பி,

எதற்காகக் கை தூக்குகிறாள் என்று கேட்டாயா? பாடத்தில் கேள்விக்கா, கடைசி மணிக்குப் பிறகா? திக்கிப் பேசுகிற பெண்ணின் பெயரைச் சொல்வது யார்?

கேட்க வேண்டாம். எனக்குத் தெரிகிறது. உனக்கும் தெரிந்திருக்கும்.

இதை அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள். உன் போன் அணைந்து கிடக்கிறது. இன்று மத்தியானம் உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். உன் மேஜை இழுப்பறையில் கிழிந்த டி.சி.யைப் பார்த்தாளாம், நீ கிழித்ததைத் தாளாளரிடம் சொல்லிவிட்டாளாம். நான் திட்டவில்லை. ஏன் கண்ணு என்று மட்டும் கேட்டேன்.

"நான் சொல்லலேன்னா வேற யாராவது முந்திக்குவாங்க அத்தை. அப்ப நானும் சேர்ந்து மறைச்சேன்னு ஆகும்."

"அவர் உன் அப்பாடி."

"அதனாலதான் நான் சொல்றது மரியாதை."

அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை விடை ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

அவள்மீது கோபப்படாதே. உன் அறையில் கிடந்த துணி அது. தாளாளர் விசாரிக்க வருவதற்குள் நீயே வகுப்பில் போய்ச் சொல்லிவிடு. நீ வாயால் சொன்னதாக இருக்கட்டும், இன்னொருவர் சொன்னதாக வேண்டாம். வேலை போனாலும் இங்கே வா, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அக்கா

-

ஏப்ரல் 5

அக்கா,

உன் கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்பே வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. இரவல் தைரியம் எத்தனை தூரம் வரும்?

தாளாளர் கடைசிப் பீரியடில் வந்தார். கத்தவில்லை. "நம்ம வழக்கப்படியே கேட்டுடலாமே சார்" என்றார். ஏழாம் வகுப்புக்குப் போனோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கரும்பலகை ஓரம் நின்றேன். மணி அடித்தது. என் மகள் கதவைச் சாத்தினாள்.

இந்தப் பள்ளியில் விதியை மீறியது யார் என்று தாளாளர் கேட்டார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டொருவர் வழக்கம்போலத் திக்கிப் பேசுகிற பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள். "பிள்ளைங்களா இருக்கணும்னு இல்ல" என்றார் தாளாளர். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். ஒருவருக்கும் வாய் வரவில்லை. அக்கா, அந்த மௌனம் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? எந்த மௌனத்தை ஒழிப்பதற்காகக் கதவைச் சாத்தினேனோ, அது இன்னும் கொஞ்ச நேரம் இருக்காதா என்று நின்றேன்.

நம் பெண் கை தூக்கினாள்.

"பெரிய சார்" என்றாள்.

"என்ன செஞ்சார்?"

"என் டி.சி.யக் கிழிச்சார். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னார்."

அவள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விடை சரிதானா என்று தாளாளர் முகத்தைப் பார்த்தாள். "நல்ல பொண்ணு, நீ போகலாம்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் யாரும் வந்திருக்கவில்லை. அவள் அம்மா வர இன்னும் நேரம் ஆகும் அல்லவா? காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து, தரையைக் காலால் தேய்த்துக்கொண்டு நின்றாள். முதலில் போவதற்காக முதலில் போயிருக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை.

பிறகு மற்ற பிள்ளைகள் போனார்கள். உடல்நிலை காரணமாக நீண்ட விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிடச் சொல்லி, கையைக் குலுக்கிவிட்டுத் தாளாளரும் போனார்.

யாரும் என்னைப் பெருக்கச் சொல்லவில்லை. ஆனால் பெயர் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் துடைப்பம் இருந்தது, எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அதன் பிடி ஒரு சின்னப் பிள்ளைக்கு ஏற்ற உயரத்தில் கட்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதுகை நன்றாக வளைக்க வேண்டியிருந்தது.

என் மகள் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றாள். வகுப்பைப் பூட்டுவது அவள் பொறுப்பு. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டே பெருக்கினேன். 'வையுங்கப்பா, போதும்' என்றால் போதும் என்று இருந்தது.

"கடைசி பெஞ்சுக்கு அடியில விட்டுட்டீங்கப்பா" என்றாள்.

கேலி இல்லை, கோபமும் இல்லை. அவள் அந்த வகுப்பில் படித்தபோது, ஒரு நாள் அவள் பெயர் வந்து பெருக்கியபோது, இதே வாசலில் நின்று நான் அவளிடம் இதையே சொன்ன அதே குரல்.

குனிந்து அதையும் பெருக்கினேன். மாடி அறையைத் தயார் செய்யாதே அக்கா. அவள் வீடு திரும்பும்போது கதவைத் திறக்க இங்கே ஒருவர் இருக்க வேண்டும்.

தம்பி